எந்த நாட்டுக் கார்பன் கணக்கு யார் தலையில்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகிலேயே அதிகமாகக் கரியமில வாயு வெளியிடும் நாடு சீனா. உலக மொத்தத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் அதனுடையது. விவாதத்தை இதோடு முடித்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் வரிசையே மாறிவிடும்: அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன், சீனருக்கு 8 டன், இந்தியருக்கு 2 டன். பழைய பாக்கியையும் எடுத்தால் இன்னும் மாறும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து இதுவரை சேர்ந்த மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. இந்த வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்குவதால், தாத்தா காலத்துப் புகையும் கணக்கில் நிற்கிறது.

அதற்காகத் தலைக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விடுவித்துவிடவும் முடியாது. ஏழை நாட்டுச் சராசரிக்குப் பின்னால் அந்த நாட்டுப் பணக்காரர்கள் வசதியாக ஒளிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. ஐ.நா.வுக்கு நாடுகள் கொடுக்கும் கணக்கு, தன் எல்லைக்குள் எவ்வளவு புகை எழுந்தது என்பது மட்டுமே. சர்வதேச விமானங்களும் கப்பல்களும் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை. பிரிட்டன் 1990-ஐ ஒப்பிடுகையில் உமிழ்வைப் பாதியாகக் குறைத்திருக்கிறது. கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. ஆனால் அந்த மக்கள் வாங்கும் இறக்குமதிப் பொருட்களின் புகையையும் சேர்த்தால் இறக்கம் அவ்வளவு பெரிதாக இல்லை. உடனே, "எல்லாம் ஏமாற்று வேலை, ஆலைகளை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள்" என்று பாய்வதும் தவறுதான். நுகர்வுக் கணக்கிலும் அங்கே குறைந்துதான் இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் தவறு, கார்பன் குறைந்தால் சூழலுக்கு வரும் கேடு முழுவதும் குறைந்துவிடும் என்று நினைப்பது. மின்சாரக் கார் பேட்டரிகளிலும் பயன்படும் உலோகமான நிக்கலைப் பாருங்கள். உலகில் வெட்டியெடுக்கப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவில் கிடைக்கிறது. அங்கே தாது செம்மண்ணோடு கலந்து, தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே பரவிக் கிடக்கிறது. சுரங்கம் தோண்டி இறங்க வேண்டியதில்லை. காட்டை வெட்டி மேல்மண்ணை அப்படியே வழித்து எடுக்கிறார்கள். மழை பெய்தால் சிவப்புச் சேறு ஆற்றிலும் கடலிலும் கலக்கிறது. தாதை உருக்கும் உலைகளுக்கு மின்சாரம் எங்கிருந்து? சுலவேசி தீவின் மொரோவாலியில், ஆலை வளாகத்திலேயே நிலக்கரி மின்நிலையங்கள் நிற்கின்றன. 2020-ல் தாது ஏற்றுமதியை அரசு தடை செய்தது, வேலையும் வருமானமும் நாட்டிலேயே தங்கட்டும் என்று. நியாயமான எண்ணம்தான். வேலையோடு புகையும் சேர்ந்து தங்கிவிட்டது. அந்த நிக்கலில் பெரும்பகுதி இன்னும் துருப்பிடிக்காத எஃகுக்குத்தான் போகிறது என்றாலும், ஒரு பங்கு பேட்டரியாகி வேறொரு நாட்டுச் சாலையில் புகைக்குழாயே இல்லாத காருக்குள் ஓடுகிறது. வாங்கிய நாட்டின் கணக்கு சுத்தம். உருக்கிய புகை இந்தோனேசியா பெயரில் ஏறுகிறது.

இதைச் சொன்னதும் "அப்போ பெட்ரோல் காரே மேல்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதுவும் சரியில்லை. பெட்ரோல் எரிந்தால் போனது போனதுதான், மறுநாள் மறுபடி தோண்ட வேண்டும். உலோகத்தைத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம். ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் பெரும்பாலான நாடுகளில் மின்சாரக் காரின் உமிழ்வே குறைவு. நிக்கலே இல்லாத பேட்டரிகளும் இப்போது ஏராளமாகச் சந்தையில் இருக்கின்றன.

பணத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "சூரிய மின்சாரம்தான் மலிவாகிவிட்டதே, ஏழை நாடுகள் ஏன் தயங்குகின்றன?" என்று கேட்பார்கள். சூரியப் பலகைக்கு எரிபொருள் செலவு இல்லை. கிட்டத்தட்ட முழுப் பணத்தையும் முதலிலேயே போட வேண்டும். ஆகவே விலையைத் தீர்மானிப்பது வட்டி. பணக்கார நாடுகளைவிட இரண்டு மடங்கு, அதற்கும் மேல் வட்டி கட்டும் நாட்டில் அதே பலகை தரும் மின்சாரம் மலிவாக இருக்காது. காலநிலை நடவடிக்கைகளுக்காக ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் சொன்னன. 2020-க்குள் வர வேண்டிய தொகை 2022-ல்தான் எட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன்.

சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரம் இல்லை. அவர்கள் வெளியிடும் புகை, அதாவது கார்பன் தடம், சிறியது என்று பாராட்டுவது எந்த வகையில் சேர்த்தி என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ள எல்லைக் கார்பன் கட்டணம். எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளுக்கு, அவற்றைத் தயாரித்தபோது எழுந்த புகையின் அளவுக்கேற்ப, இது பொருந்தும். நுகர்பவரே புகைக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடு என்று இதைப் படிப்பது தவறு. புகை பழையபடி உற்பத்தி செய்த நாட்டின் கணக்கிலேயே இருக்கும். வசூலாகும் பணம் ஐரோப்பாவுக்குப் போகும். உற்பத்தி செய்யும் நாடே கார்பனுக்கு விலை வைத்து வசூலித்திருந்தால் அந்தத் தொகை கழிக்கப்படும். அப்படி ஒரு வரி இல்லாத நாட்டுக்கு அந்தக் காசும் இல்லை.