மலைநாட்டில் சீனக் குரூஸர் வாங்குவோர் செய்யும் தவறுகள்

குரூஸர் எனும் தாழ்ந்த, நீண்ட, பாரமான மோட்டார் சைக்கிளை வாங்க நினைக்கும் நம் மலைநாட்டார் பெரும்பாலும் ஏற்றத்தை எண்ணியே கவலைப்படுகிறார்கள். ஆனால் அந்த வண்டியின் குணம் வெளிப்படுவது இறக்கத்தில்தான். கொழும்பின் சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, தாழ்ந்த இருக்கையும் எஞ்சினின் சத்தமும் பிடித்துப்போய் முற்பணம் கட்டிவிடுவதே முதல் தவறு. ‘சீனச் சாமான்’ என்று ஒரேயடியாக ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். இத்தாலிய மோட்டார் சைக்கிள் நிறுவனமான பெனெல்லியே 2005 முதல் ஒரு சீன நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகப் புசல்லாவைக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்வோம். பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு இவ்வளவு பாரமான வண்டியில் இறங்கும்போது, பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுவோர் முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் கட்டிவிடுகிறார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறிய எண்ணெய் விரைவில் கொதித்துக் குமிழி கட்டுவதால், பிடித்த பிரேக் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். ஆகவே குறைந்த கியரில் இறங்குவதோடு, பழைய வண்டி வாங்கினால் கைப்பிடிக்கு அருகிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தின் சிறு கண்ணாடி வழியாக அந்த எண்ணெயைப் பாருங்கள். அது பிளேன்டீ நிறத்துக்குக் கறுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். தெளிவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

குரூஸரின் மிதிகட்டை தாழ்வானது, சக்கரங்களுக்கிடையிலான தூரமும் அதிகம். கொண்டையூசி வளைவில் சற்றுச் சரித்தாலே மிதிகட்டை தாரில் உரசும். தோட்டத்துக் கல் பாதையில் எஞ்சினின் அடிப்பாகமும் சைலன்சரும் அடிவாங்கும். விற்பவர் காட்டும் பளபளப்பான பெற்றோல் தாங்கியை விட்டுவிட்டு, குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவருக்கே வண்டியின் பழைய கதை தெரியும்.

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி குறைவதால், எந்த எஞ்சினும் கடலோரத்தில் தரும் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். காபரேட்டரில் பெற்றோலும் காற்றும் கலக்கும் வண்டியாயின் கலவையில் பெற்றோல் மிகுந்து பிளக்கில் கரி படியும். இது தெரியாமல், நல்ல எஞ்சினைக் கராஜில் பிரித்துப்போட்டுக் கெடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

என் சொந்தத் தவறு உதிரிப்பாகத்தில் நேர்ந்தது. மலிவு என்று வாங்கிய வண்டியின் கிளச் கேபிள் அறுந்தபோது ஹட்டனிலும் கண்டியிலும் அது கிடைக்கவில்லை. மூன்று வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போன பிறகு, மெக்கானிக் ஒருவர் வேறொரு வண்டியின் கேபிளை வெட்டிப் பொருத்தித் தந்தார். ஆகையால் பணம் கொடுக்குமுன் கிளச் கேபிள், பிரேக் பேட், ஓயில் பில்டர், பின் டயர் ஆகிய நான்கையும் கடையில் விலை கேட்டு, கையிருப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சீனாவில் ஒரே எஞ்சின் பல பெயர்களில் விற்கப்படுவதால், வண்டியின் பெயரைவிட எஞ்சினில் பொறித்துள்ள குறியீட்டைச் சொல்லிக் கேட்பதே பயன்தரும். இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் தளர்ந்தது என்பதால், தடைக்கு முன் வந்து இப்போது பழசாகிவிட்ட வண்டிகளில் ரப்பர் குழாய்களும் டயர்களும் வெடிப்பு விட்டிருக்கக்கூடும்.

கடைசியாகக் காகிதம். முன்னைய உரிமையாளரின் கையொப்பத்தை மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமல் கைமாறிவரும் வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் சேஸ் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். 100 சிசி வரைக்கான ஏ1 சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவர், ஏ வகுப்பு கிடைக்கும்வரை அதைவிடப் பெரிய எஞ்சினுள்ள குரூஸரை வீதிக்குக் கொண்டுவர முடியாது.