பீக்கர் விழுங்கிய வெப்பம்

கல்லூரி ஆய்வகத்தில் நடுநிலையாக்கல் வெப்பம், அதாவது அமிலமும் காரமும் கலக்கும்போது வெளிவரும் வெப்பம், அளக்கும் சோதனை. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. மோலுக்கு 57 கிலோ ஜூல் அளவில் வர வேண்டும். எனக்கு மூன்று முறையும் 45-தான்.

கரைசல் மேல் சந்தேகப்பட்டு மறுபடி தரம்பார்த்தேன். செறிவு சரி. அப்புறம்தான் பீக்கரைத் தொட்டுப் பார்த்தேன்: வெதுவெதுப்பாக இருந்தது! 100 கிராம் கண்ணாடி, ஒரு டிகிரி ஏற சுமார் 80 ஜூல் விழுங்கும். நானோ கரைசலுக்கான 418 ஜூலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். மூடியும் இல்லை.

வீட்டில் கிடந்த இரண்டு தெர்மாகோல் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அட்டையில் துளையிட்டு மூடினேன். 5.4 டிகிரியாக இருந்த ஏற்றம் 6.6 ஆனது, விடை 55.

மீதியை வரைபடத்தில் பிடித்தேன். 30 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, இறங்கும் கோட்டைக் கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டினால் ஏற்றம் 6.8. விடை 57-ஐ ஒட்டி வந்துவிட்டது.

நடுவே ஒருமுறை 61 வந்தது தனிக் கூத்து. அப்போதுதான் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடு தன் கரைதல் வெப்பத்தால் அமிலத்தைவிட ஒரு டிகிரி சூடாக இருந்திருக்கிறது. நான் அமிலத்தின் வெப்பநிலையை மட்டும் தொடக்கமாக எழுதியிருந்தேன். இப்போதெல்லாம் இரண்டையும் அளந்து சராசரி எடுக்கிறேன்.