கழற்றும் முன் எண் போடுங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மரவேலை பார்க்கிறவன் நான். கூரை ஒழுகுகிறது, நிலையில் கரையான் என்று யார் கூப்பிட்டாலும் முதல் நாள் உளியை எடுக்க மாட்டேன். கல்யாண ஆல்பம் கேட்பேன். ஆச்சிமார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்தானே தாலி கட்டியிருப்பார்கள்? பெண் மாப்பிள்ளைக்குப் பின்னால் தூண், தூண் தலையில் உட்காரும் போதிகை, அதன்மேல் உத்திரம் எல்லாம் முழுசாக நிற்கும். பங்காளிகள் ஆளுக்கொரு ஆல்பம் வைத்திருப்பார்கள். அத்தனையும் வாங்கிவிடுங்கள்.

ஜப்பானில் குமமோட்டோ கோட்டையிலும் பழைய படங்கள்தான் கைகொடுக்கின்றன. 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அதன் கற்சுவர்கள் சரிந்தன. விழுந்த கல் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, திடலில் பரப்பி, படத்தோடு ஒப்பிட்டு, அதனதன் இடத்திலேயே திரும்ப அடுக்குகிறார்கள். 1960இல் மறுபடி எழுப்பிய பெரிய கோபுரத்தைச் சரிசெய்து 2021இல் திறந்துவிட்டார்கள். மீதி வேலைக்கு 2052 வரை திட்டம். நம் வீட்டுக்காரர் பொங்கலுக்குள் முடியுமா என்பார்.

சரி, கழற்றப்போகும் மரங்களுக்கு எண் போடும் முறை. தரைப்படம் ஒன்று வரையுங்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை 1, 2, 3. குறுக்கே அ, ஆ, இ. இரண்டும் சந்திக்கிற இடம்தான் தூணின் பெயர்: ஆ3. ஜப்பானியத் தச்சர்களும் காலங்காலமாக ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் எண் என்று மரத்தில் மையால் எழுதுகிறவர்கள்தான். உத்திரம் என்றால் இரண்டு முனையிலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் திருப்பி மாட்டிவிடுவார்கள். எழுதும் இடம் கழுந்து, அதாவது துளைக்குள் செருகுகிற முனை, அல்லது சுவருக்குள் மறைகிற பக்கம். வெளிமுகத்தில் எழுதினால் பாலிஷ்காரர் தேய்த்துவிடுவார். சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். நாட்டு ஓட்டுக்கு எண் தேவையில்லை.

அடுத்து உளுத்த மரம். நிலைக்கால் அடியில் உளுத்திருந்தால் முழு நிலையையும் மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஜப்பானின் ஹிமேஜி கோட்டையின் பெருங்கோபுரத்தை 1956 முதல் 1964 வரை பிரித்துக் கட்டினார்கள். அதைத் தாங்கும் இரண்டு பெருந்தூண்களில் கிழக்குத் தூணுக்கு அடியை மட்டும் வெட்டிப் புது மரம் சேர்த்தார்கள். மேற்குத் தூணுக்கு வேறு வழியில்லை, முழுசாக மாற்றினார்கள். திருப்புளியால் கீழிருந்து குத்திக்கொண்டே வாருங்கள். எங்கே இறங்க மறுக்கிறதோ, அதற்கு நாலு விரல் மேலே சாய்வாக வெட்டி, பழைய பர்மா தேக்குத் துண்டைச் சேருங்கள். புதுத் தேக்கைவிட இடித்த வீட்டுத் தேக்கு எனக்கு நம்பிக்கை. சேர்த்த துண்டின் மறைவுப் பக்கத்தில் ஆண்டைச் சூட்டுக்கோலால் பதியுங்கள். பழுதுபார்த்த ஆண்டை இப்படிப் பதிப்பது ஜப்பானிலும் வழக்கம். அடுத்து வருகிற ஆசாரிக்கு எது பழசு, எது புதுசு என்ற குழப்பம் இருக்காது.

கழற்றியதை வெறுந்தரையில் போடாதீர்கள், கரையான் ஏறிவிடும். செங்கல் வைத்து, குறுக்குச் சட்டம் போட்டு, காற்றோட்டமாக அடுக்குங்கள். கடைசியாகக் கழற்றியது மேலே இருக்கட்டும். முதலில் மாட்ட வேண்டியது அதுதான்.