முறிந்த போல்ட்டை எடுக்கப் போய் ஹெட்டைக் கெடுக்காதீர்கள்

திருகோணமலையில், அதுவும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிற்கிற பைக் என்றால், சைலன்சர் போல்ட் முறிவது புதினமில்லை. இரும்பு போல்ட்டும், அது ஏறியிருக்கும் அலுமினிய ஹெட்டும் (எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடி) உப்புக் காற்றில் சேர்ந்து அரித்து, ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

முறியப் போவதைக் கை முன்பே சொல்லும். இறுக்கம் விட்ட சத்தம் இல்லாமல், ரப்பரைத் திருகுவது போல மெத்தென்று வந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்பானருக்குக் குழாய் மாட்டி இழுக்கவே வேண்டாம். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் எண்ணெயைத் துடைத்து, பெற்றோல் டாங்கை அகற்றி, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும்.

முறிந்தேவிட்டதா? அவசரப்பட்டு ஈஸி அவுட்டை, அதாவது முறிந்த போல்ட்டில் துளையிட்டு எதிர்ப்பக்கம் திருகி எடுக்கும் கருவியை, எடுக்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். தலையே முறியும் அளவுக்கு இறுகிய போல்ட், அதைவிட மெல்லிய ஈஸி அவுட்டுக்கு எப்படி அசையும்? எனக்கு ஒருமுறை ஈஸி அவுட் உள்ளேயே முறிந்தது. அது கடினமாக்கிய உருக்கு, சாதாரண ட்ரில் பிட் அதில் வழுக்கிக்கொண்டு பக்கத்து அலுமினியத்தைத் தின்றது. கடைசியில் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. முனை கொஞ்சம் வெளியே தெரிந்தால், பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் பிடியுங்கள். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்யும். உள்ளே முறிந்திருந்தால் முனையைத் தட்டையாக்கி, சரி நடுவில் பஞ்ச் அடித்த பிறகுதான் ட்ரில்.

மரை போன துளைக்குப் பசை பூசுவது, பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது எல்லாம் நாலு நாளைக்குத்தான். 10 ஸ்பானர் பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் 6 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). அதற்குப் புது மரை வெட்ட 5 மி.மீ. துளை வேண்டும். பழைய மரையே போயிருந்தால் ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச் சுருள்) போடுங்கள், அதற்குரிய டேப்போடு (மரை வெட்டும் கருவி). டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பித் தூளை உடையுங்கள்.

பூட்டும் முன் துளையைக் காற்றடித்துக் காய வையுங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கி நின்றால், போல்ட் இறங்கும் அழுத்தத்திலேயே அலுமினியம் வெடிக்கும்.