ஏரி ஸ்ட்ரைப்பருக்கு ராடும் லைனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரைப்பர் என்கிற ஸ்ட்ரைப்டு பாஸ் மீனைப் பிடிக்க என்ன ராடு (தூண்டில் கம்பு) வாங்கலாம் என்று தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் கடலில் எடுத்தவை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கேப் காட், மான்டாக் பக்கம் இடுப்பளவு அலையில் நின்றுகொண்டு பத்து, பதினோரு அடி ராடை வீசுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அதே ராடோடு உள்நாட்டில் இருக்கும் டெக்சோமா ஏரிக்கோ லேனியர் ஏரிக்கோ படகில் போகிறவர்கள் நிறையப் பேர், மீன் ஒன்றுதானே என்ற கணக்கில். மீன் ஒன்றுதான், ஆனால் ஏரியில் அது வாழும் விதம் வேறு, அதைப் பிடிக்கும் முறையும் வேறு. ராடும் லைனும் (தூண்டில் நரம்பு) மீனின் எடையை வைத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை. இரை தண்ணீரில் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும், மீன் அதை எப்படி வந்து எடுக்கும், இந்த இரண்டையும் வைத்து வாங்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இது அட்லாண்டிக் கரையோரத்து மீன், முட்டையிட ஆறேறும். 1940களின் தொடக்கத்தில் சவுத் கரோலைனாவில் சான்டீ-கூப்பர் அணைகள் எழும்பி மேரியன், மோல்ட்ரி ஏரிகள் உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட மீன்கள் கடலைப் பார்க்காமலே வளர்ந்து, பெருகவும் செய்தன. அது தெரிந்த பிறகு மற்ற மாநிலங்களும் தங்கள் அணைக்கட்டு ஏரிகளில் குஞ்சுகளை விட ஆரம்பித்தன. டெக்சாஸ்-ஓக்லஹோமா எல்லையில் இருக்கும் டெக்சோமாவில் 1960களின் நடுவிலும், யூட்டா-அரிசோனா எல்லையில் இருக்கும் பாவல் ஏரியில் 1974-லும் விட்டார்கள். இந்த ஏரிகளில் ஸ்ட்ரைப்பர் கரையோரப் புதரில் பதுங்கிக் கிடக்கும் மீன் இல்லை. ஷாட் என்கிற சின்ன வெள்ளி மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நடு ஏரியில் கூட்டமாகத் திரியும், இன்று இருபது அடி ஆழத்தில் இருந்தால் நாளை அறுபது. அதனால்தான் உயிருள்ள ஷாட்டையோ ஹெர்ரிங்கையோ சரியான ஆழத்தில் நிறுத்திக் காத்திருப்பது ஏரியில் முக்கியமான முறை. கடல் ராடு சொதப்புவதும் முதலில் அங்கேதான்.

படகை நிறுத்தி, ஒன்று அல்லது இரண்டு அவுன்ஸ் ஈயக்குண்டு போட்டு, இரையை நேர் கீழே இறக்குவதை டவுன்லைன் என்பார்கள். ராடு கையில் இருக்காது, படகின் விளிம்பில் உள்ள ராடு ஹோல்டரில் படுத்திருக்கும். அதன் நுனியைக் கவனித்துப் பாருங்கள். ஸ்ட்ரைப்பர் கூட்டம் கிட்டே வந்ததும் கீழே இருக்கும் ஷாட் பதறும், நுனி படபடவென்று துடிக்கும். அப்புறம் ஒரு நொடி அமைதி. பிறகு நுனி மெதுவாகக் குனிந்து, குனிந்துகொண்டே போய், பாதி ராடு தண்ணீரைத் தொடும். இந்த வேலைக்கு எல்லோரும் போடுவது வட்ட முள், அதாவது சர்க்கிள் ஹூக். மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நகரும்போதுதான் அது சுழன்று வாயின் ஓரத்தில் மாட்டும். அதற்கு அந்த மெதுவான குனிதல் வேண்டும். நுனி விறைப்பாக இருந்தால் மீன் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும், இல்லையென்றால் முள் சுழலும் முன்பே வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். லார்ஜ்மவுத் பாஸுக்காக வாங்கி வைத்த விறைப்பான கிராஃபைட் ராடை ஹோல்டரில் போட்டுவிட்டு, கடி வருகிறது, மீன் மாட்டவில்லை என்று புலம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான். அந்த ராடை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் மோசம். சர்க்கிள் ஹூக்குக்கு வெட்டி இழுக்கவே கூடாது, ராடு முழுதாக வளைந்த பிறகு ரீலைச் சுற்ற ஆரம்பித்தால் போதும்.

சரி, என்ன வாங்குவது? டவுன்லைனுக்கு ஏழு அல்லது ஏழரை அடி, மீடியம் அல்லது மீடியம்-லைட் பவர், மாடரேட் ஆக்‌ஷன், ஃபைபர்கிளாஸ் அல்லது கிளாஸும் கிராஃபைட்டும் கலந்த ராடு. விலையும் அதிகம் இல்லை. இந்த இடத்தில் இன்னொரு குழப்பம் வரும்: பவரும் ஆக்‌ஷனும் ஒன்று என்று நினைப்பது. ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், மாடரேட் என்றால் நடுப்பகுதி வரை வளையும். பெரிய மீன் என்று ஹெவி பவர், நல்ல ராடு என்று ஃபாஸ்ட் ஆக்‌ஷன், இப்படி இரண்டையும் சேர்த்து எடுத்தால் உயிர் இரைக்கு உதவாத ஒரு கம்புதான் கையில் இருக்கும்.

அதற்காக ஃபாஸ்ட் ஆக்‌ஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷாட்டை மேலே துரத்திக்கொண்டு வந்து தண்ணீரைக் கொதிக்க வைக்கிற கூட்டத்தைப் பார்த்தால், தூரத்தில் இருந்தபடி டாப்வாட்டர் லூரை, அதாவது நீர்மட்டத்தில் ஆடும் செயற்கை இரையை, வீசி ஆட்ட வேண்டும். அதற்கு ஏழடி மீடியம்-ஹெவி ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராடு அருமையாக வேலை செய்யும். அறுபது அடியில் ஸ்பூன் என்கிற உலோக இரையைத் தூக்கிப் போட்டு ஆட்டுவதற்கும் அதே ராடு போதும். ஆகவே கையில் இரண்டு ராடு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் ஒன்று மென்மையான டவுன்லைன் ராடு, ஒன்று இந்த ஸ்பின்னிங் ராடு. எல்லாவற்றுக்கும் ஒரே ராடு என்று தேடுவதை விட்டுவிடுங்கள். அம்ப்ரெல்லா ரிக் எனப்படும், பல கைகளில் பல ஜிக்குகள் (ஈயத் தலை வைத்த செயற்கை இரைகள்) தொங்கும் சாதனத்தைப் படகின் பின்னால் இழுக்க ஆசை வந்தால் அது தனிக் கதை. அந்த எடையும் தண்ணீரின் இழுப்பும் சாதாரண ராடுக்கு ஆகாது, படகின் பின்னால் இழுப்பதற்கான தடித்த ட்ரோலிங் ராடும் 80 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னிய இழை லைன்) வேண்டும். ஆரம்பத்திலேயே அதில் காசைப் போடாதீர்கள்.

நீளமான கடல் ராடுக்கு நன்னீரிலும் நியாயமான இடம் ஒன்று உண்டு: அணைக்குக் கீழே கரையிலிருந்து பிடிப்பது. டெக்சோமாவின் டெனிசன் அணைக்குக் கீழே ரெட் ஆற்றில், மதகு திறந்து தண்ணீர் பாயும்போது நடு ஓட்டத்துக்கு இரையை வீசிச் சேர்க்க ஒன்பது, பத்து அடி இருந்தால்தான் முடியும், லைனையும் பாறைகளுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம். படகில் அதே நீளம் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல், மீனை வலைக்கு அருகில் கொண்டுவருவதும் கஷ்டம்.

இனி லைன். எல்லா ரீலிலும் பிரெய்டு ஏற்றிவிடுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது. பிரெய்டு நல்ல பொருள்தான். 30 பவுண்டு பிரெய்டு, ஏறக்குறைய 8 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்) அளவுதான் தடிமன், இழுத்தால் நீளாது. தூரம் வீசவும், ஆழத்தில் ஸ்பூன் ஆட்டவும் அதைவிடச் சிறந்தது கிடையாது. எண்பது அடி கீழே இருக்கும் ஸ்பூனை மோனோவில் ஆட்டினால் உங்கள் அசைவில் பாதியை லைனே தின்றுவிடும். ஆனால் ஹோல்டரில் இருக்கும் டவுன்லைன் ராடுக்கு அந்த நீளாத குணமே எதிரி. மென்மையான ராடை வாங்கிவிட்டு அதில் பிரெய்டு போட்டால், ராடு கொடுத்த நெகிழ்வில் பெரும் பங்கை லைன் திருப்பி எடுத்துக்கொள்ளும். டவுன்லைனுக்கு 15 அல்லது 20 பவுண்டு மோனோ, நம் ஊரில் நரம்பு என்கிற அதே நைலான்தான். மலிவு, முடிச்சு நன்றாக நிற்கும், மீன் திடீரென்று தலையை உதறினால் தாங்கும்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. டவுன்லைனுக்கு லைன் கவுண்டர் ரீல் வைத்திருப்போம், எத்தனை அடி இறங்கியது என்று எண் காட்டும். அது உண்மையில் லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணுகிறது. குறிப்பிட்ட தடிமனில் குறிப்பிட்ட அளவு லைன் நிறைந்திருந்தால்தான் அந்த எண் அடிக்குச் சரியாக வரும். லைன் அறுந்து அறுந்து ஸ்பூல் பாதி காலியானாலோ, மோனோவுக்கு அளந்த ரீலில் பிரெய்டை மாற்றினாலோ, 40 என்று காட்டும்போது இரை வேறெங்கோ நிற்கும். மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் சோனாரில் மீன் 35 அடியில் தெரிகிறது, உங்கள் இரை அதற்குக் கீழே கிடக்கிறது என்றால் ஒன்றும் நடக்காது, ஸ்ட்ரைப்பர் மேலே ஏறி வந்து இரையை எடுக்குமே தவிரக் கீழே இறங்கித் தேடுவது குறைவு. கரையில் பத்தடி, இருபதடி அளந்து லைனில் குறியிட்டு, கவுண்டர் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் கட்டுவதும் தவறு, மொத்த லைனும் ஸ்பூலின் மேலேயே வழுக்கிச் சுழலும். முதலில் கொஞ்சம் மோனோவைச் சுற்றிவிட்டு அதன் மேல் கட்ட வேண்டும்.

ஃப்ளூரோகார்பன் என்கிற இன்னொரு வகை லைன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி முழு ரீலையும் அதால் நிரப்புகிறவர்கள் உண்டு. கண்ணுக்கே தெரியாது என்பது விற்பனைப் பேச்சு, நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பதுதான் சரி. அது தண்ணீரைவிட நன்றாகவே கனம், அதனால் மூழ்கும். டாப்வாட்டர் லூரின் மூக்கைக் கீழே இழுத்து அதன் ஆட்டத்தைக் கெடுக்கும். விறைப்பும் அதிகம், விலையும் அதிகம். அதன் இடம் லீடர், அதாவது லைனின் முனையில் முள்ளுக்கு முன்னால் கட்டும் தனித் துண்டு. ஸ்விவலுக்கும் (லைன் முறுக்காமல் சுழலும் இணைப்பு) முள்ளுக்கும் நடுவே நான்கு முதல் ஆறு அடி போதும். பாவல் மாதிரி கண்ணாடித் தண்ணீரில் 10, 12 பவுண்டு வரை இறங்கலாம், கலங்கல் தண்ணீரில் 15, 20 என்று ஏறலாம். கம்பி லீடர் வேண்டவே வேண்டாம், லைனை வெட்டும் பல் இதற்கு இல்லை. ஆனால் வாயும் நாக்கும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் ஓரம் கூர்மை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளிலிருந்து ஒரு அடி வரை லீடரை விரலால் தடவிப் பாருங்கள், எங்காவது நெருடினால் அந்த ஒரு அடியை யோசிக்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த நினைக்கும் தவறு இது: விளையாட்டு சுவாரசியமாக இருக்கும் என்று வேண்டுமென்றே மெல்லிய லைன் போடுவது. குளிர்காலத்தில் அதனால் உங்கள் மீன் போகும், அவ்வளவுதான். கோடையில் அது மீனைக் கொல்கிறது. ஜூலை, ஆகஸ்டில் ஏரியின் மேல் தண்ணீர் சூடாகிவிடும், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும், பெரிய ஸ்ட்ரைப்பருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு குளிர்ந்த அடுக்குதான் மிஞ்சும். அங்கிருந்து அதை 8 பவுண்டு லைனில் கால் மணி நேரம் போராட வைத்து, சூடான மேல் தண்ணீர் வழியாக இழுத்து வந்து, படம் எடுத்துவிட்டு விட்டால், நீந்திப் போவதுபோல் தெரியும், ஆனால் பல மீன்கள் பிழைப்பதில்லை. கோடையில் 20 பவுண்டு போடுங்கள், சீக்கிரம் மேலே கொண்டுவாருங்கள். சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்துங்கள், பிடித்து விடும் விளையாட்டைக் குளிர் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. 2013-ல் அலபாமாவின் பிளாக் வாரியர் ஆற்றில் 69 பவுண்டு 9 அவுன்ஸ் மீன் கிடைத்தது. நன்னீரில் வளர்ந்த ஸ்ட்ரைப்பரில் அதுதான் சாதனை எடை. அதைக் கேட்டுவிட்டு 50 பவுண்டு லைனை ஏற்றினால், அந்தத் தடிமனில் ஒரு சின்ன ஷாட் இயல்பாக நீந்தவே முடியாது. டெக்சோமாவில் நீங்கள் பிடிக்கப் போகும் மீன்களில் பெரும்பாலானவை 10 பவுண்டுக்குள்தான் இருக்கும். பெரிய மீன் வந்தாலும் அதைச் சமாளிப்பது லைனின் தடிமன் இல்லை, டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் லைனை வழுக்கி விடும் ரீலின் பிடிமானம். ஒரு தராசை லைனில் கட்டி இழுத்து, லைனின் பலத்தில் கால் பங்குக்கு டிராக் வழுக்கும்படி வையுங்கள், 16 பவுண்டு லைன் என்றால் 4 பவுண்டு. கையால் இழுத்துப் பார்த்து, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை, எல்லோர் கையும் தப்பாகத்தான் சொல்லும்.

கடைசியாக, ராடின் வளையங்கள். பழைய ராடில் ஒரு வளையம் கீறியிருந்தால் எவ்வளவு நல்ல லைனும் அங்கேயே உரசி உரசி அறும், நாம் லைன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள், நுனி வளையத்தை இரண்டு தடவை. பஞ்சின் இழை எங்கே மாட்டுகிறதோ அந்த வளையத்தை மாற்றிவிட்டுப் புது லைனை ஏற்றுங்கள்.