மஞ்சளும் வல்லாரையும் ரத்தக் குழாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"புற்றுநோய்க் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை மஞ்சள் தடுத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டுத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வீட்டுப் பெரியவர்களுக்கு மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்தியில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமென்றால் அதற்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும் என்று 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். குழாய் வளர்ச்சியை ஆய்வகத்தில் பார்க்க, தொப்புள்கொடியின் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த மனித செல்களை ஒரு ஜெல்லின் மேல் விட்டால், சில மணி நேரத்திலேயே அவை கைகோத்துக் குழாய் வலைபோல் நிற்கும். மஞ்சளின் குர்குமின், சோயாவின் ஜெனிஸ்டீன், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின் போன்றவற்றைச் சேர்த்தால் அந்த வலை குறைகிறது. இதுவரை சரி.

பெரிய தவறு அடுத்த படியில் நடக்கிறது. ஆய்வகத் தட்டில் கண்டது வயிற்றுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆய்வகத்தில் குர்குமினைப் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு) அளவிலோ அதற்கு மேலோ ஊற்றுகிறார்கள். ஆனால் நோயாளிகள் தினமும் 3.6 கிராம் குர்குமின் விழுங்கியபோதும் ரத்தத்தில் ஏறியது சுமார் 10 நானோமோலார்தான், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம் என்பதால் அந்த 3.6 கிராமுக்கே தினமும் 120 கிராம் தூள் தின்ன வேண்டும். குடலும் கல்லீரலும் குர்குமினை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

மிளகு சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் ஏறுமே என்பார்கள். ஏறும், 1998-ல் வந்த ஆய்வு ஒன்றில் மிளகின் பிப்பரின் அதைப் பல மடங்கு கூட்டியது. ஆனால் ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரையின் அளவையும் அதே பிப்பரின் ரத்தத்தில் கூட்டும். குர்குமினும் பிப்பரினும் கலந்த கேப்ஸ்யூல் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ரசத்தில் போடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் இந்தப் பயம் தேவையில்லை.

குழாய் வளர்ச்சியைத் தடுப்பது எப்போதும் நல்லது என்று நினைப்பது இன்னொரு தவறு. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவருக்குப் புதுக் குழாய் வளர்ந்தால்தான் புண் ஆறும். அதே ஆளின் விழித்திரையில் குழாய் வளர்ந்தால் பார்வை போகும். ஒரே உடம்பில் ஓரிடத்தில் வேண்டும், ஓரிடத்தில் வேண்டாம். குழாய் வளர்ச்சியைத் தடுக்க 2004-ல் அனுமதி பெற்ற பெவசிசுமாப் என்ற புற்றுநோய் ஊசியைக்கூட, திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். காயம் ஆறாது என்பதால்தான். நம் வாய்க்கால் ஓரத்து வல்லாரையில் இருக்கும் ஏசியாட்டிகோசைடு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: விலங்குகளின் காயங்களில் குழாய் வளர்ச்சியைத் தூண்டியிருக்கிறது. அதற்காக ஆறாத புண்ணில் இலையை அரைத்துக் கட்டினால், மண்ணோடு கிருமியும் புண்ணுக்குள் போகும்.

உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: வலை குறைந்ததும் "தடுத்தது" என்று எழுதிவிடாதீர்கள். செல்லே செத்திருந்தாலும் வலை குறையும். செல் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் ஊற்றியும் பாருங்கள். குர்குமின் தானே ஒளிரும் என்பதால் ஒளிர்வை வைத்து அளக்கும்போதும் ஏமாந்துபோவீர்கள்.

அப்புறம், வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. சர்க்கரைக்கு என்று இதன் இலையையும் பூவையும் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து வந்தவை. மிகக் குறைந்த அளவிலேயே குழாய் செல்களைத் தடுக்கும் வலு வின்பிளாஸ்டினுக்கு உண்டு. மருத்துவமனையில் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, அளந்து, நரம்பில் ஏற்றும் மருந்து அது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே இப்படி ஏதாவது சாப்பிட்டு வந்தால், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், கேப்ஸ்யூல் டப்பாவையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.