இடது பல்லும் வலது பல்லும்: செயின்சா செயினைச் சாணை மிஷினில் சமமாகப் பிடிப்பது

2018 நவம்பரில் கஜா புயல் அடிக்கும்வரை எங்கள் பட்டறைக்கு மரம் அறுக்கும் மிஷின் வருவதே அபூர்வம். பம்ப்செட்டும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும்தான் வரும். புயலுக்கு அப்புறம் பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்த தென்னையை அறுக்க, தெருவுக்கு ஒரு மிஷின் வந்து சேர்ந்தது. தென்னை செயினைத் தின்கிற மரம். வெளிச்சுற்று இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே பஞ்சு, தரையில் கிடந்த பக்கம் முழுக்க மணல். நாலு மரம் அறுப்பதற்குள் பல் மொட்டையாகிவிடும். அரத்தால் தீட்டிக் கட்டுப்படியாகாமல்தான் சாணை மிஷின் வாங்கினேன்.

வாங்கிய முதல் வாரமே ஒரு பையன் செயினோடு வந்து நின்றான். “அண்ணே, நீங்க புடிச்சுக் குடுத்தது பிறை மாதிரி அறுக்குதுண்ணே.”

கூடவே ஒரு துண்டுக் கட்டையும் கொண்டுவந்திருந்தான். வெட்டு மேலே நேராக இறங்கி, பாதிக்குக் கீழே வலப்பக்கம் வளைந்திருந்தது. பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, இறுகித் தேய்ந்த இடம் கருகிப்போயிருந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பல்லின் நீளத்தைப் பார்த்தேன். வலது பல்லெல்லாம் 8.6 மி.மீ., இடது பல்லெல்லாம் 7.9. சாணை மிஷினில் செயினைப் பிடிக்கும் வைஸை நான் இரண்டு பக்கமும் 30 டிகிரி கோட்டில்தான் வைத்திருந்தேன். அந்தக் கோட்டை நம்பியதுதான் தப்பு.

செயினில் ஒரு பல் இடது, அடுத்த பல் வலது என்று மாறி மாறி வரும். அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடைகிற ஒரு வண்டின் புழு தாடையை இடமும் வலமும் ஆட்டிக் கடிப்பதைப் பார்த்து 1946-ல் இந்த மாதிரிப் பல்லை யோசித்தார். அடுத்த வருடமே செயின் கம்பெனி தொடங்கிவிட்டார். காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுத்தே பழகிய நமக்கு அது தோன்றவில்லை! இரண்டு தாடையும் ஒரே அளவு கடித்தால் வெட்டு நேராக இறங்கும். ஒரு பக்கம் நீளமாகவோ கூராகவோ இருந்தால் பார் அந்தப் பக்கமே சாயும்.

இங்கே அதிகம் ஓடுவது 58 சி.சி. மிஷின், 20 இஞ்ச் பார், .325 இஞ்ச் பிட்ச் (ரிவெட் இடைவெளியை வைத்துச் சொல்லும் செயின் அளவு), 76 லிங்க் செயின். 38 பல், பக்கத்துக்கு 19. உங்கள் செயின் எது என்று தெரியாவிட்டால் வரிசையாக மூன்று ரிவெட்டை எடுத்து, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவுக்கு அளங்கள். 16.5 மி.மீ. வந்தால் .325. ஏறக்குறைய 19 வந்தால் 3/8.

முதலில் செயினை டீசலில் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் தூளும் சேர்ந்த பிசுக்கு சாணைக் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடும். அடைத்த கல் வெட்டாது, உரசிச் சூடாக்கும்.

கல்லின் தடிமன்: .325-க்கு 4.5 அல்லது 4.7 மி.மீ., சின்ன மிஷினில் வரும் 3/8 லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த பல்) செயினுக்கு 3.2. புதுக் கல்லை மாட்டுவதற்கு முன்பு விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் மாட்டலாம். சொத்தென்று கேட்டால் விரிசல், தூக்கிப் போடுங்கள். மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, நேரெதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். கண்ணாடி போடாமல் இந்த வேலையே வேண்டாம்.

கல்லோடு வரும் தீட்டுக் கட்டியால் விளிம்பை வளைவாக்கிக்கொள்ள வேண்டும். பல்லின் உள்வளைவு அந்த விளிம்பின் அச்சுதான். விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருந்தால் இடது பல்லுக்கு ஒரு கொக்கி, வலது பல்லுக்கு வேறு கொக்கி விழும். பழைய செயினின் அட்டைப் பெட்டி கிடைத்தால் வைத்திருங்கள், கோணம் அதில் இருக்கும். பொதுவாக வைஸ் 30 டிகிரி, மோட்டார்த் தலையின் சாய்வு 60 அல்லது 55.

இனி அளவு. 38 பல்லையும் பார்த்து, அறுக்கும்போது கருங்கல்லில் பட்டு உடைந்தது, தேய்ந்தது எல்லாவற்றிலும் குட்டையான ஒன்றைக் கண்டுபிடியுங்கள். மேல்தகட்டின் பின்விளிம்பிலிருந்து முன்நுனிவரை வெர்னியரில் அளந்து, மார்க்கர் பேனாவால் அதில் புள்ளி வையுங்கள். மற்ற 37-ம் அந்த நீளத்துக்கு இறங்க வேண்டும். ஒரே ஒரு பல் மட்டும் படுமோசமாக இருந்தால் அதற்காக மற்றதையெல்லாம் நான் குறைப்பதில்லை. அதைப் பாதி தீட்டி விட்டுவிடுவேன், நாலைந்து முறையில் மற்றவை தேய்ந்து அதனோடு சேர்ந்துகொள்ளும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைக் கையால் இறக்கி ஆழத்தை வையுங்கள். கல் பல்லின் குழி அடிவரை போக வேண்டும், கீழே இருக்கும் இணைப்புப் பட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் அங்கே கீறல் விழும், நாளைக்குச் செயின் அந்த இடத்தில்தான் அறுந்து பறக்கும்.

பல்லின் வெட்டு முகத்தில் மார்க்கர் மையைத் தடவி, மிஷினைப் போட்டு லேசாக ஒரு தொடல். மை முகம் முழுக்க ஒரே சீராகப் போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் போய் அடியில் மிச்சமிருந்தால் ஆழம் போதவில்லை. முனையில் மட்டும் போயிருந்தால் கோணம் தப்பு.

இப்போது ஒரு பக்கத்தின் 19 பல்லையும் முடியுங்கள். ஒவ்வொரு தடவையும் பல்லின் பின்புறம், வைஸில் பல்லை நிறுத்தும் தடுப்பு நாக்கில் இடிக்கும்படி செயினைப் பின்னால் இழுத்து, அப்புறம் வைஸை இறுக்குங்கள். ஒரு பல்லை இழுத்து, இன்னொன்றைத் தள்ளி வைத்தால் அங்கேயே கால் மில்லிமீட்டர் போய்விடும். விலை குறைந்த மிஷினில் மோட்டார்த் தலையே பக்கவாட்டில் ஆடும். என்னுடையது ஆடுகிறது. கைப்பிடியை எப்போதும் ஒரே பக்கமாக லேசாகத் தள்ளிக்கொண்டே இறக்குவேன், ஆட்டம் அத்தனை பல்லுக்கும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

பக்கம் மாற்றும்போதுதான் நான் அன்று கோட்டை விட்டேன். வைஸைத் திருப்பும் அச்சு கல்லின் நேர் கீழே இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே நீளம் வரும். பல மிஷினில் அது ஒரு இழை தள்ளியே இருக்கும். ஆகவே வைஸை எதிர்ப்பக்க 30-க்குத் திருப்பியதும் தடுப்பு நாக்கின் திருகை ஒரு சுற்றுப் பின்னால் எடுத்துவிடுங்கள். முதல் பல்லைக் கொஞ்சம் தீட்டி அளங்கள், திருகை நகர்த்தி மறுபடி தீட்டி அளங்கள். முதல் பக்கத்தின் நீளம் வந்ததும் திருகைப் பூட்டிவிட்டு மற்ற 18-ஐ ஓட்டலாம். என் மிஷினில் இடதுக்கும் வலதுக்கும் திருகில் முக்கால் சுற்று வித்தியாசம். வைஸின் பக்கத்திலேயே பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, கல் தேய்கிறது. முதல் பல்லுக்கு இருந்த விளிம்பு பத்தொன்பதாவது பல்லில் இருக்காது. பக்கம் முடிந்ததும் முதல் பல், நடுவில் ஒன்று, கடைசிப் பல் மூன்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கல்லைத் தீட்டி, மயிரிழை அளவுக்கு இன்னொரு சுற்று.

கல்லை அழுத்திப் பிடிக்காதீர்கள். தொட்டு எடு, தொட்டு எடு, ஒரு தொடல் ஒரு நொடிகூட வேண்டாம். ஆரம்பத்தில் அவசரப்பட்டு ஒருவருடைய புதுச் செயினை நீலமாக்கினேன். முனை நீலமானால் சூடு ஏறிப் பதம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் அரம் வைத்தால் கண்ணாடியில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். நீலம் போகும்வரை தேய்த்தால் பல்லில் பாதி காலி. அவருக்கு வேறு செயின் வாங்கிக் கொடுத்தேன்.

பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிப் பல்தான் ஒரு கடியில் எவ்வளவு மரம் எடுப்பது என்று தீர்மானிக்கிறது. பெரிய பல் தேயத் தேய அதன் உயரமும் இறங்கும், குட்டிப் பல் மட்டும் பழைய உயரத்தில் நிற்கும், செயின் மரத்தை வருடிக்கொண்டு போகும். மூன்று தடவை சாணை பிடித்தால் ஒருமுறை, இந்த உயரத்தை அளக்கும் கேஜ் தகட்டை வைத்து, மேலே துருத்துவதைத் தட்டை அரத்தால் எடுங்கள். .325-க்குக் குட்டிப் பல் பெரிய பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். 6 மி.மீ. கல்லை மாட்டிச் சாணை மிஷினிலும் எடுக்கலாம், நான் எடுப்பதில்லை. ஒரு இழை கூடுதலாகப் போனாலும் அறுக்கும்போது செயின்சா உதைக்கும், பிடித்திருப்பவன் கைக்குத்தான் ஆபத்து.

முடிந்ததும் காற்றடித்துக் கல்தூளை எடுத்துவிட்டு, செயினை ஒரு இரவு எண்ணெயில் போட்டு வையுங்கள். ரிவெட்டுக்குள் தூள் நின்றால் அது உள்ளேயே சாணை பிடிக்கும்.

காலையில் மாட்டி ஒரு கட்டையை அறுத்துப் பாருங்கள். கீழே செதில் செதிலாக விழ வேண்டும். மாவாக விழுந்தால் கூர் இல்லை. கூர் இருந்தும் வெட்டு வளைந்தால் மறுபடி சாணைக்கு ஓடாதீர்கள். பாரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டி இன்னொரு வெட்டுப் போடுங்கள். வளைவு எதிர்ப்பக்கம் மாறினால் செயின் மேல் குற்றமில்லை, செயின் ஓடும் பாரின் இரண்டு தண்டவாள விளிம்பில் ஒன்று தேய்ந்திருக்கிறது. அதே பக்கம் வளைந்தால் வெர்னியரை எடுங்கள்.